டிரெய்லர் இழுக்கப் பழைய வேன்: விலை பேசுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

வைட்ஃபீல்ட் சாலைகளைக் காலையிலும் மாலையிலும் நிறைப்பவை அலுவலக வேன்கள். 1990களின் இறுதியில் சர்வதேசத் தொழில்நுட்பப் பூங்கா செயல்படத் தொடங்கிய நாளிலிருந்து, ஊழியர்களை ஏற்றி இறக்கும் டெம்போ டிராவலர் வகை வேன்கள் இப்பகுதியின் அன்றாடக் காட்சியாகிவிட்டன. சில ஆண்டுகள் ஓடிய பின் இவை விற்பனைக்கு வருகின்றன. வாங்குவோரில் சுற்றுலாத் தொழில் செய்வோர் இருக்கின்றனர். பள்ளிகளுக்கு வாகனம் விடுவோர் இருக்கின்றனர். அண்மைக் காலமாக மற்றொரு சிறு பிரிவினரும் இவற்றைத் தேடி வருகின்றனர். கார் ஏற்றிய டிரெய்லரை இழுப்பதற்குப் பெரிய வேன் ஒன்று வேண்டும் என்பவர்களே அவர்கள்.

பழைய கார்களைப் புதுப்பிக்கும் பட்டறைக்காரர்கள், பழுதான வாகனங்களை எடுத்து வருவதைத் தொழிலாக்க நினைப்போர், மோட்டார் பந்தயத்தில் ஈடுபாடுள்ளோர் ஆகியோர் இப்பிரிவில் அடங்குவர். பந்தயக் கார்களில் பெரும்பாலானவற்றைச் சாலையில் ஓட்டிச் செல்ல இயலாது. ஏற்றித்தான் கொண்டு செல்ல வேண்டும். கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயும், சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள பந்தயத் தடமும் வைட்ஃபீல்டிலிருந்து முந்நூறு கிலோமீட்டர் அளவிலோ அதற்கு மேலோ தொலைவில் உள்ளவை.

இத்தகைய வேனுக்குக் கடன் கேட்டு வருவோரிடம் நாங்கள் காணும் சிக்கல் பெரும்பாலும் ஒன்றே. வண்டியைப் பார்த்து, விலை பேசி, முன்பணமும் கொடுத்த பிறகே வங்கிக்கு வருகின்றனர். அதன் பின்னரே அந்த வேன் டிரெய்லர் இழுக்க ஏற்றதா, அதன் ஆவணம் அதற்கு இடம் தருகிறதா என்ற கேள்விகள் எழுகின்றன. கேட்க வேண்டிய வரிசை இதற்கு நேர்மாறானது. முதலில் எடை, அடுத்து பிரேக், அதன்பின் ஆவணம், கடைசியில்தான் விலை. இந்த வரிசையில் ஒவ்வொன்றாகக் காண்போம்.

எதை இழுக்கப் போகிறோம்?

வேனைத் தேடும் முன், இழுக்கப்போகும் சுமையின் எடையை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு சிறிய ஹேட்ச்பேக் கார் ஏறத்தாழ 900 கிலோ இருக்கும். அதைத் தாங்கும் இரட்டை அச்சு டிரெய்லர் 600 கிலோ என்று கொள்வோம். உதிரிச் சக்கரங்கள், ஜாக்கி, கருவிகள் 100 கிலோ. ஆக மொத்தம் 1,600 கிலோ. இன்னோவா கிரிஸ்டா போன்ற வண்டியை ஏற்றினால் இதே கணக்கு இரண்டரை டன்னை எட்டிவிடும். ஆகவே ‘கார் டிரெய்லர்’ என்று பொதுவாகச் சொல்வது போதாது. எந்தக் கார் என்பதே முதல் கேள்வி.

அடுத்ததாக, இழுக்கும் வண்டியைவிட இழுபடும் சுமை கனமாக இருக்கக் கூடாது. பிரிட்டனில் கேரவன் இழுக்கும் புதியவர்களுக்கு, இழுக்கும் வண்டியின் எடையில் 85 சதவீதத்துக்குள் சுமை இருக்கட்டும் என்று பரிந்துரைப்பது வழக்கம். இது சட்டமன்று, அனுபவத்தில் பிறந்த எச்சரிக்கை. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், தாமே ஒரு டன் அளவு எடையுள்ள மாருதி ஈக்கோ போன்ற சிறு வேன்கள் கார் டிரெய்லருக்கு ஏற்றவையல்ல என்பது உடனே விளங்கும். இரு சக்கர வாகனம் ஏற்றிய சிறு டிரெய்லரையே அவற்றுடன் இணைத்து எண்ணிப் பார்க்கலாம்.

மூன்றாவது எண், இழுவைக் கொக்கியின் மீது இறங்கும் எடை. டிரெய்லரின் மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் அமர்வது நல்லது என்பது பொதுவான கணக்கு. இது மிகவும் குறைந்தால் டிரெய்லர் வேகத்தில் பாம்புபோல் வளைந்து ஆடும். மிகுந்தால் வேனின் பின்பகுதி தாழ்ந்து, முன்பகுதி எழும். நமது எடுத்துக்காட்டில் கொக்கியின் மேல் 160 கிலோ இறங்குகிறது. கொக்கி பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருப்பதாகவும், முன் பின் அச்சுகளுக்கு இடையே 3.35 மீட்டர் இருப்பதாகவும் வைத்துக்கொண்டால், நெம்புகோல் விதிப்படி முன் சக்கரங்களின் மீதுள்ள எடை ஏறத்தாழ 57 கிலோ குறைகிறது; பின் அச்சின் மீது 217 கிலோ கூடுகிறது. திருப்பும் சக்கரங்கள் எடை இழப்பது எத்தகைய ஆபத்து என்பதை ஓட்டுநர் எவரும் அறிவர்.

எந்த வேன்?

நம் நாட்டில் பழைய சந்தையில் கிடைக்கும் பெரிய வேன்களில் முதன்மையானவை இரண்டு. ஒன்று ஃபோர்ஸ் டிராவலர். பஜாஜ் டெம்போ என்ற பெயரில் அந்நிறுவனம் இயங்கிய 1980களின் பிற்பகுதியில், மெர்சிடிஸ் பென்ஸின் டி-1 வேனை அடிப்படையாகக் கொண்டு அறிமுகமானது இது. இதில் பின் சக்கரங்கள் உந்துகின்றன. மற்றொன்று 2007இல் வந்த டாடா விங்கர். ரெனோ டிராஃபிக் வேனின் முதல் தலைமுறையை அடிப்படையாகக் கொண்ட இதில் முன் சக்கரங்கள் உந்துகின்றன.

பயணிகளை ஏற்றிச் செல்ல இரண்டுமே பயன்பட்டு வருபவை. டிரெய்லர் இழுக்கும்போதுதான் வேறுபாடு வெளிப்படும். மேலே கண்டபடி, கொக்கியின் எடை முன் சக்கரங்களை இலகுவாக்குகிறது. பின் சக்கரங்களை அழுத்துகிறது. பின் சக்கரம் உந்தும் வண்டிக்கு இது ஓரளவு பிடிமானத்தைக் கூட்டும். முன் சக்கரம் உந்தும் வண்டிக்கோ, ஈரமான ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது சக்கரம் வழுக்க வழி வகுக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே, ஏனையவை சமமாக இருந்தால், பின் சக்கர உந்துதலுள்ள வேனையே தெரிவு செய்வது அறிவுடைமை.

டிராவலர் மாதிரிகளின் பெயரில் வரும் 3050, 3350, 4020 என்ற எண்கள், முன் பின் அச்சுகளுக்கு இடையே உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் குறிப்பவை. இந்தத் தூரம் கூடுதலாகவும், பின் அச்சுக்குப் பின்னால் நீளும் உடற்பகுதி குறைவாகவும் உள்ள வேன் டிரெய்லருடன் நிதானமாக ஓடும். ஆயினும் வைட்ஃபீல்டின் குறுகிய கிளைச் சாலைகளில் நீண்ட வேனையும் டிரெய்லரையும் சேர்த்துத் திருப்புவது எளிதன்று. இம்மடிஹள்ளி, நல்லூரஹள்ளிப் பக்கம் பட்டறை வைத்திருப்பவர் தமது வாயிலின் அகலத்தையும் சாலைத் திருப்பத்தையும் அளந்து பார்த்த பிறகே நீள வேனை நாட வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் தன் வேன்கள் எவ்வளவு எடையை இழுக்கலாம் என்பதை ஆண்டுதோறும் அட்டவணையாக வெளியிடுகிறது. ஐரோப்பாவில் வாகனமும் டிரெய்லரும் சேர்ந்த உச்ச எடை வண்டியிலுள்ள தகட்டிலேயே பொறிக்கப்படுகிறது. நம் நாட்டுப் பயணிகள் வேன்கள் பலவற்றின் கையேட்டில் இப்படி ஓர் எண்ணைக் காண இயலாது. எண் இல்லை என்றால் வரம்பு இல்லை என்று பொருளன்று. அந்த வண்டி இப்பணிக்காக வடிவமைக்கப்பட்டதாக உற்பத்தியாளர் உறுதி கூறவில்லை என்றே பொருள். வாங்குவதற்கு முன், வண்டியின் மாதிரியையும் உற்பத்தி ஆண்டையும் குறிப்பிட்டு, நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்திடம் எழுத்தில் விளக்கம் கேட்டுப் பெறுங்கள். ‘எல்லாம் இழுக்கும், சார்’ என்ற விற்பனையாளரின் வாய்ச்சொல்லைச் சான்றாகக் கொள்ள முடியாது.

நிறுத்தும் வலிமை

வேனின் இழுக்கும் வலிமையைப் பற்றியே பலரும் கேட்கின்றனர். நிறுத்தும் வலிமையைப் பற்றிக் கேட்போர் சிலரே. வைட்ஃபீல்டிலிருந்து செட்டிப்பாளையம் செல்பவர் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகச் சேலத்தை நோக்கி இறங்க வேண்டும். தருமபுரியைத் தாண்டியதும் வரும் தொப்பூர் கணவாயை இச்சாலையில் செல்வோர் மறக்க மாட்டார்கள். நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து பிரேக்கை மிதித்து வரும் கனரக வாகனங்களில் பிரேக் சூடேறிப் பிடிப்பு தளர்வதால் அங்கு விபத்துகள் பலமுறை நிகழ்ந்துள்ளன. டிரெய்லருடன் செல்லும் வேனும் அந்த வகையில் ஒரு சிறு லாரியே. மூன்றரை டன் வேனின் பின்னால் 1,600 கிலோ சேர்ந்தால், பிரேக் விழுங்க வேண்டிய வெப்பம் ஏறத்தாழ பாதி அளவு கூடுகிறது.

ஆகவே டிரெய்லருக்குச் சொந்த பிரேக் இருப்பது மிக முக்கியம். ஐரோப்பிய நாடுகளில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லர்களுக்கு அது கட்டாயம். அந்த எல்லையை நாமும் அளவுகோலாகக் கொள்ளலாம். கார் ஏற்றும் எந்த டிரெய்லரும் அந்த எல்லையைத் தாண்டியே இருக்கும். இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினைக் கொண்டே வேகத்தை அடக்கும் பழக்கம் ஓட்டுநருக்கு இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அலுவலக வேனின் மறைந்த தேய்மானம்

வைட்ஃபீல்டில் விற்பனைக்கு வரும் வேன்களுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. தூரமானியில் குறைந்த கிலோமீட்டர் காட்டும். ஆனால் எஞ்சின் ஓடிய மணி நேரம் மிகுதியாக இருக்கும். ஹூடியிலிருந்து மாரத்தஹள்ளி வரையுள்ள குறுகிய தூரத்தை நெரிசல் நேரத்தில் கடக்கும் வேன், அந்தத் தூரம் முழுவதும் கிளட்சை மிதித்து மிதித்தே செல்கிறது. எனவே கிளட்ச், ஸ்டார்ட்டர், பிரேக் ஆகியவை தூரமானி காட்டுவதைவிட முதிர்ந்த வயதில் இருக்கும். டிரெய்லர் இழுப்பதில் முதலில் அடி வாங்குவதும் அந்தக் கிளட்சே.

2020 ஏப்ரல் முதல் விற்கப்பட்ட பி.எஸ்-6 டீசல் வேன்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இவற்றில் உண்டு. வண்டி சிறிது நேரம் சீரான வேகத்தில் ஓடினால் அந்தக் கரி எரிந்து வடிகட்டி தூய்மையாகும். ஊர்ந்து மட்டுமே சென்ற வண்டியில் அது அடைபட வாய்ப்பு மிகுதி. மாற்றுவதற்கும் செலவு அதிகம். எச்சரிக்கை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், கணினிக் கருவி வைத்துள்ள பட்டறையில் பிழைக் குறியீடுகளைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சோதனை ஓட்டத்தை வெறும் வண்டியில், சமதளச் சாலையில் செய்வதால் பயன் குறைவு. அடுக்குமாடிக் குடியிருப்பின் தரையடி வாகன நிறுத்தத்திலிருந்து மேலேறும் சரிவு இதற்கு நல்ல களம். ஏழெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு, சரிவின் நடுவில் நிறுத்தி, கைப்பிரேக் பிடிக்கிறதா என்று பாருங்கள். பிறகு அங்கிருந்தே கிளப்பச் சொல்லுங்கள். கிளட்ச் கருகும் மணம் வந்தாலோ, எஞ்சின் உறுமியும் வண்டி தயங்கினாலோ, அதன் செலவை விலையிலிருந்து கழித்துக் கேட்கலாம். அல்லது அந்த வண்டியை விட்டுவிடலாம்.

வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பதும் அவசியம். ஏற்கெனவே இழுவைக் கொக்கி பொருத்தப்பட்டிருந்தால், அது சட்டகத்தில் போல்ட்டால் பிணைக்கப்பட்டுள்ளதா, பற்றவைக்கப்பட்டுள்ளதா, சுற்றிலும் விரிசலோ புதிய வண்ணப்பூச்சோ தெரிகிறதா என்பவற்றைக் கவனியுங்கள். பின் பட்டை வில்களில் ஒன்று முறிந்து மாற்றப்பட்டிருந்தால், முந்தைய உரிமையாளர் அளவுக்கு மீறி ஏற்றினார் என்று ஊகிக்கலாம். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் அது உற்பத்தியான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். வரிகள் ஆழமாகத் தெரிந்தாலும், பல ஆண்டுகள் பழைய டயரைச் சுமை இழுக்கும் வண்டியில் நம்பக் கூடாது.

ஆவணம் இடம் தருகிறதா?

பதிவுச் சான்றை முழுமையாகப் படிப்பதே வாங்குபவரின் முதல் கடமை. வாகன வகை, வெற்று எடை, மொத்த எடை, எரிபொருள், உற்பத்தி மாதம், சேசிஸ் எண், எஞ்சின் எண் ஆகிய அனைத்தையும் வண்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மத்திய அரசின் பரிவாஹன் தளத்திலும் எம்-பரிவாஹன் செயலியிலும் பதிவு, தகுதிச் சான்று, காப்பீடு ஆகியவற்றின் நிலையைச் சரிபார்க்க முடியும். நிலுவையிலுள்ள அபராதங்களையும் அதே வழியில் அறியலாம்.

கடன் குறிப்பு: பதிவுச் சான்றில் ஒரு வங்கியின் அல்லது நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால், அந்த வண்டி இன்னும் ஈடாக உள்ளது. ‘கடன் எப்போதோ முடிந்துவிட்டது’ என்ற சொல் போதாது. கடன் கொடுத்தவர் கையொப்பமிட்ட படிவம் 35, தடையின்மைக் கடிதம் ஆகியவற்றைப் பெற்று, வட்டாரப் போக்குவரத்து அலுவலகப் பதிவேட்டிலிருந்து அந்தக் குறிப்பு நீக்கப்பட்ட பிறகே முழுத் தொகையையும் செலுத்த வேண்டும்.

பெயர் மாற்றம்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் விற்பவரும், 30 நாட்களுக்குள் வாங்குபவரும் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். படிவம் 29, படிவம் 30 ஆகியவை இதற்கானவை. வைட்ஃபீல்ட் வாசிகள் பலருக்கு உரிய அலுவலகம் கே.ஏ.-53 என்ற குறியீட்டைக் கொண்ட கிருஷ்ணராஜபுரம் அலுவலகமாகும்.

வேற்று மாநில வண்டி: ஓசூர் அருகில் இருப்பதால் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வேன்கள் இங்கு எளிதில் கிடைக்கின்றன. டெல்லியில் பத்து ஆண்டு கடந்த டீசல் வாகனங்களுக்குத் தடை வந்ததிலிருந்து, அங்கிருந்தும் வண்டிகள் தெற்கே வருகின்றன. இவற்றின் விலை கவர்ச்சியாகத் தோன்றும். ஆனால் முந்தைய மாநிலத்தின் தடையின்மைச் சான்றும், இங்கே செலுத்த வேண்டிய சாலை வரியும், மறுபதிவுச் செலவும் சேர்ந்த பிறகே உண்மையான விலை தெரியும். வேற்று மாநில வண்டியை இங்கே 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் புதிய பதிவெண் பெற்றாக வேண்டும்.

வயது: தனிப்பயன் வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். போக்குவரத்து வாகனங்களுக்கு முதல் எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். 15 ஆண்டைத் தாண்டிய வாகனங்களுக்கான கட்டணங்கள் 2022 ஏப்ரல் முதல் பன்மடங்கு உயர்த்தப்பட்டுள்ளன. ஆகவே 13, 14 வயது வேனை ஐந்து ஆண்டுத் திட்டத்தோடு வாங்குவது கணக்குக்கு ஒத்து வராது.

டிரெய்லரும் ஒரு வாகனமே: இதைப் பலர் மறந்துவிடுகின்றனர். சட்டத்தின் பார்வையில் டிரெய்லருக்குத் தனிப் பதிவு வேண்டும். அதற்குரிய பதிவெண் அதன் பக்கத்தில் இருக்க வேண்டும். இழுக்கும் வண்டியின் எண்ணும் டிரெய்லரின் மீது காட்டப்பட வேண்டும். பட்டறையில் இரும்புக் குழாயைப் பற்றவைத்துச் செய்த, பதிவில்லாத டிரெய்லரை எவ்வளவு உறுதியாகச் செய்திருந்தாலும் சாலையில் இறக்க முடியாது. உற்பத்தியாளரின் அடிப்படை வடிவத்திலிருந்து வாகனத்தை மாற்றுவதை 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. கொக்கி பொருத்தும் முன் பதிவு அலுவலகத்தில் கேட்டறிவது, பின்னர் வரும் இடரைத் தவிர்க்கும்.

பயன்பாடு: சொந்தக் காரைச் சொந்த வேனில் இழுப்பது வேறு; கூலிக்குப் பிறர் காரை இழுப்பது வேறு. வெள்ளைப் பலகை வேனைக் கூலிக்குப் பயன்படுத்தினால் அனுமதி விதிகள் மீறப்படும். பழுதான வாகனங்களை மீட்டு எடுத்து வருவதைத் தொழிலாகக் கொள்வோருக்கு மீட்பு வாகனம் என்ற தனி வகையே உண்டு. அது போக்குவரத்து வாகனங்களின் பட்டியலில் சேரும். எங்களிடம் கடன் கேட்கும்போதும் உண்மையான பயன்பாட்டையே குறிப்பிடுங்கள். அதைப் பொறுத்தே கடனின் வகையும் நிபந்தனைகளும் அமையும்.

ஓட்டுநர் உரிமம்: மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத போக்குவரத்து வாகனத்தை இலகுரக வாகன உரிமம் உள்ளவர் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. வேனைப் பொறுத்தவரை இது பெரும்பாலோரின் ஐயத்தைத் தீர்த்துவிடும்.

காப்பீட்டில் மூன்று ஓட்டைகள்

முதலாவது, பெயர். வாங்கிய 14 நாட்களுக்குள் காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மாற்றாவிட்டால், மூன்றாம் தரப்பினருக்கான பாதுகாப்பு தொடர்ந்தாலும், தம் வண்டிக்கு நேரும் சேதத்துக்கு இழப்பீடு கிடைப்பது ஐயமே. முந்தைய உரிமையாளரின் இழப்பீடு கோராமைச் சலுகை அவருக்கே உரியது, வண்டியோடு வராது.

இரண்டாவது, டிரெய்லர். வேனின் பாலிசி டிரெய்லரைத் தானாகவே உள்ளடக்காது. டிரெய்லரின் விவரம் குறிப்பிடப்பட்டு, அதற்கான பிரீமியமும் செலுத்தப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது, டிரெய்லரின் மேல் உள்ள கார். வேனின் மோட்டார் பாலிசி ஏற்றிச் செல்லும் பொருளைக் காக்காது. காப்பீடு பெற்றவரின் பொறுப்பில் உள்ள சொத்துக்கு நேரும் சேதம் மூன்றாம் தரப்புப் பகுதியிலும் அடங்காது. வாடிக்கையாளரின் காரை ஏற்றிச் செல்லும் பட்டறைக்காரர், சரக்குப் பயணக் காப்பீட்டைத் தனியாக எடுப்பது நல்லது. நான்கு இலட்ச ரூபாய் வேன் ஒன்று பத்து இலட்ச ரூபாய் காரைச் சுமந்து தொப்பூரில் இறங்கும்போது, பெரிய தொகை எங்கே இருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

கடன் கணக்கு

இப்போதுதான் விலைக்கு வருகிறோம். 6 இலட்ச ரூபாய் கடனை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம், குறையும் நிலுவையின் மீது கணக்கிடப்படுவது. மூன்று ஆண்டுகளில் திருப்பினால் மாதத் தவணை ஏறத்தாழ 19,930 ரூபாய். மொத்த வட்டி சுமார் 1,17,400 ரூபாய். ஐந்து ஆண்டுகளாக நீட்டினால் தவணை 13,350 ரூபாய் அளவுக்குக் குறையும். ஆனால் மொத்த வட்டி 2,00,800 ரூபாயாக உயரும். முதிர்ந்த வண்டிக்கு நீண்ட தவணை என்பது, வண்டி ஓய்ந்த பின்னும் கடன் ஓடுவதற்கு வழி செய்யும்.

வெளியே சிலர் அதே 12 சதவீதத்தை ‘பிளாட்’ வட்டியாகக் கூறுவர். தொடக்கத் தொகையின் மீதே மூன்று ஆண்டும் வட்டி போடப்படுவதால், வட்டி 2,16,000 ரூபாயாகவும், தவணை 22,667 ரூபாயாகவும் ஆகும். குறையும் நிலுவைக் கணக்கில் இது 21 சதவீதத்தைத் தாண்டும். எண் ஒன்றே, பொருள் வேறு. 2024 அக்டோபர் 1 முதல், சில்லறைக் கடன்களுக்கும் சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான தவணைக் கடன்களுக்கும், முக்கிய விவர அறிக்கை ஒன்றைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. அதில் எல்லாக் கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு விகிதம் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டு கடன்களை ஒப்பிடுவோர் அந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்தால் போதும்.

பழைய வாகனத்துக்கு வங்கி கடன் தருவது விற்பவர் கேட்கும் விலையின் அடிப்படையில் அன்று. மதிப்பீட்டாளர் கூறும் மதிப்பின் அடிப்படையிலேயே. இரண்டுக்கும் இடைவெளி இருந்தால் அதை வாங்குபவரே ஏற்க வேண்டும். ஆகவே முன்பணம் கொடுக்கும் முன் மதிப்பீட்டை முடித்துக்கொள்ளுங்கள். கொடுத்தே ஆக வேண்டுமானால், கடன் கிடைக்காவிடில் முன்பணம் திருப்பித் தரப்படும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தொகையை வங்கிக் கணக்கின் வழியே செலுத்துங்கள்.

வாங்காமலிருப்பதும் ஒரு தெரிவே

மூன்று ஆண்டுக் கடனில் தவணை மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,39,000 ரூபாய். மாதம் ஒரு முறை மட்டும் காரை ஏற்றிச் செல்பவருக்கு, எரிபொருள், காப்பீடு, பராமரிப்பு சேராமலே ஒரு பயணத்துக்கு 20,000 ரூபாய் அளவு ஆகிறது. மாதம் நான்கு முறை செல்பவருக்கு அது 5,000 ரூபாய்க்கு இறங்குகிறது. இந்த எண்ணை, தட்டையான தளம் கொண்ட மீட்பு லாரிக்கு உங்கள் வழித்தடத்தில் கேட்கப்படும் வாடகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு நான்கைந்து பந்தயங்களுக்கு மட்டும் செல்பவருக்கு வாடகையே மலிவு. வாரந்தோறும் வேலை உள்ள பட்டறைக்குச் சொந்த வண்டி பயன் தரலாம். அப்போதும் வேனும் டிரெய்லரும் சேர்ந்தது நல்லதா, சிறிய மீட்பு லாரி ஒன்றே போதுமா என்ற கேள்வியை எழுப்பியே தீர வேண்டும். லாரியில் கார் ஏறிவிட்டால் கொக்கி இல்லை; தனி டிரெய்லர் பதிவு இல்லை; ஆட்டமும் இல்லை.

விற்பவருக்கும் ஒரு சொல்

வேனை விற்கும் வாடிக்கையாளர்களும் இதே கவனத்தைக் கொள்ள வேண்டும். பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பான உரிமையாளர் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. சாவியைக் கொடுத்து, பணத்தைப் பெற்று, பெயர் மாற்றத்தை வாங்குபவரிடமே விட்டுவிட்டால், அந்த வேன் டிரெய்லருடன் விபத்துக்குள்ளாகும் நாளில் நீதிமன்ற அழைப்பு பழைய உரிமையாளரின் வீட்டுக்கே வரும். 2023 ஏப்ரல் முதல், பழைய வாகன வணிகர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்துள்ளது. அங்கீகாரம் பெற்ற வணிகரிடம் வண்டியை ஒப்படைத்து, அதைப் பதிவேட்டில் தெரிவித்தால், இடைப்பட்ட காலத்தின் பொறுப்பு அவரைச் சாரும். தரகரிடம் விடும்போது அந்தப் பாதுகாப்பு இல்லை. பழைய ஃபாஸ்டாக்கையும் மறவாமல் மூடிவிடுங்கள்.

சுருக்கமாகக் கூறின், வேன் பார்க்கச் செல்லும் முன் கையில் இருக்க வேண்டியவை நான்கு: ஏற்றப்போகும் காரின் எடையும் டிரெய்லரின் எடையும் எழுதிய தாள், மாதத்தில் எத்தனை பயணம் என்ற கணக்கு, பதிவு எண்ணைக் கொண்டு பரிவாஹன் தளத்தில் எடுத்த விவரம், நம்பிக்கையான மெக்கானிக் ஒருவர். இந்நான்கும் சரியாக அமைந்த பின், முன்பணம் கொடுப்பதற்கு முன் பதிவுச் சான்றின் நகலோடு கிளைக்கு வாருங்கள். ஈட்டுக் குறிப்பு உள்ளதா, வண்டியின் வயதுக்கு எத்தனை ஆண்டுத் தவணை பொருந்தும் என்பவற்றை அன்றே பார்த்துச் சொல்லிவிட முடியும்.